குச்சி சொல்வதும் குச்சிக்காரர் அறிந்ததும்

(நாமக்கல் மாவட்டத்துக் கிளை நூலகம் ஒன்றின் வாசகர் வட்டக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

இந்த மேசையில் நான்கு பொருள்களை வைத்திருக்கிறேன். ஒரு வேப்பங்கவட்டை. எல் வடிவத்தில் வளைத்த இரண்டு பித்தளைக் கம்பிகள். குடுமியோடு ஒரு தேங்காய். நூலில் கட்டித் தொங்கவிட்ட ஒரு நட்டு. கூட்டம் ஏற்பாடு செய்தவர் இவற்றைப் பார்த்துவிட்டு, "ஏதாச்சும் பூஜைங்களா சார்?" என்று கேட்டார். அவர் கேட்டதும் பாதி சரிதான். இவற்றை வைத்து நிலத்தடி நீரோட்டம் பார்ப்பது வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. மனை வாங்குகிறோம், வாஸ்து பார்க்கிறோம், அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீரோட்டம் பார்க்கிறவரைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்து மனையில் இறக்குகிறோம். அவர் நடக்கிறார், நிற்கிறார், காலால் ஒரு கோடு கிழிக்கிறார். அந்த இடத்தில் செங்கல் வைத்துச் சுண்ணாம்பு போடுகிறோம். அதன்மேல் ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டி வந்து நிற்கிறது.

நான் நிலவியல் படித்தவன். வேலைக்காலம் முழுவதும் நிலத்தடி நீரோடுதான் கழிந்தது. அதனால் நான் இந்த மேடையில் ஏறியதுமே, நீரோட்டம் பார்க்கிறவரைத் திட்டப் போகிறேன் என்று உங்களில் பலர் எதிர்பார்த்திருப்பீர்கள். திட்டப் போவதில்லை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குச்சிக்குத் தண்ணீர் தெரியாது. அதைப் பிடித்திருக்கிற மனிதருக்கு நிலத்தைப் பற்றி நிறையத் தெரியும். நாம் காசு கொடுப்பது குச்சிக்கு. அந்த மனிதருக்குத் தெரிந்ததைக் கேட்காமலே அனுப்பிவிடுகிறோம்.

முதலில் குச்சியைப் பார்ப்போம். தம்பி, முன்வரிசையில் நீலச் சட்டை, கொஞ்சம் மேடைக்கு வாருங்கள்.

(இளைஞர் ஒருவர் மேடைக்கு வருகிறார்.)

கவட்டையின் இரண்டு கிளைகளையும் உள்ளங்கை மேலே பார்க்கும்படி பிடியுங்கள். முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள். இப்போது இரண்டு கிளைகளையும் வெளிப்பக்கமாக இழுங்கள். நுனி நேராக முன்னால் நிற்கிறது அல்லவா? இந்த நிலையில் குச்சி, நாணேற்றிய வில். எப்போது விடுபடலாம் என்று காத்திருக்கிறது. மணிக்கட்டை ஒரு நூல் அளவு உள்ளே திருப்பினால் போதும், நுனி விருட்டென்று கீழே பாயும். திருப்பியது உங்களுக்கே தெரியாது. குச்சி தானாக இழுத்தது போலத்தான் இருக்கும். "இறுக்கிப் புடிச்சேன், அதையும் மீறித் திரும்பிருச்சு, கையில தோலே உரிஞ்சு போச்சு" என்று சொல்வார்கள். சத்தியமான வார்த்தை. இறுக்க இறுக்க வேகம் கூடும். தோல் உரிந்தது தண்ணீருக்குச் சாட்சி ஆகாது, அவர் எவ்வளவு இறுக்கிப் பிடித்தார் என்பதற்குத்தான் சாட்சி.

அடுத்தது பித்தளைக் கம்பி. இதை வாங்கிக்கொண்டு மேடையில் மெதுவாக நடங்கள். அந்த மூன்றாவது நாற்காலிக்கு அடியில் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேனே, அது இருபது லிட்டர் தண்ணீர் கேன். அதன் அருகே போகும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள்.

(இளைஞர் நடக்கிறார். நாற்காலியை நெருங்கியதும் கம்பிகள் ஒன்றின்மேல் ஒன்று குறுக்காக விழுகின்றன. அவையில் கைதட்டல்.)

நன்றி தம்பி. இப்போது அந்தத் துணியை எடுங்கள். பழைய செய்தித்தாள் கட்டு. தண்ணீர் ஒரு சொட்டு இல்லை. தம்பி நம்மை ஏமாற்றவில்லை, கம்பி திரும்பியதைப் பார்த்து அவரே திடுக்கிட்டுப் போனார். தண்ணீர் இருக்கிறது என்று நான் சொன்னதை அவர் மனம் நம்பியது, மனம் நம்பியதைக் கை செய்தது. தேங்காய் எழுந்து நிற்பதும் நட்டு வட்டம் சுற்றுவதும் இதே கதைதான்.

இதைக் கண்டுபிடித்தவர்கள் தண்ணீரைத் தேடிப் போனவர்கள் அல்ல. பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல், நூலில் தொங்கும் குண்டு பாதரசத்தின் மேல் தானாக ஆடுவதைப் பார்த்து வியந்தார். பிறகு தம் கண்ணைக் கட்டிக்கொண்டு சோதித்தார், ஆட்டம் போய்விட்டது. 1833-இல் இதை எழுதி வெளியிட்டார். நாம் அறியாமலே எண்ணம் தசையை அசைக்கிறது என்ற இந்த நிகழ்வுக்கு 1852-இல் வில்லியம் கார்பென்டர் என்ற ஆங்கில மருத்துவர் பெயர் வைத்தார். மறு ஆண்டே மைக்கேல் ஃபாரடே அதைக் கருவி வைத்துக் காட்டினார். அந்தக் காலத்து லண்டனில் ஆவி வந்து மேசையைச் சுழற்றுகிறது என்று ஒரு பரபரப்பு. மேசைமேல் கை வைத்தவர்கள்தான் தங்களை அறியாமல் தள்ளினார்கள் என்று அவர் நிரூபித்தார்.

சரி, கை அசைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அந்தக் கையை எது அசைக்கிறது? உடம்புக்கு ஏதோ நுண்ணுணர்வு இருந்து, அடியில் தண்ணீர் இருப்பதை அது உணர்ந்து, அந்த உணர்வு கை வழியாக வெளிப்படலாம் அல்லவா? நியாயமான கேள்வி. சோதித்துத்தான் பார்க்க வேண்டும். சோதித்திருக்கிறார்கள்.

நியூசிலாந்தில் ஆங்லி என்பவர் 75 பேரைச் சோதித்து 1948-இல் முடிவை வெளியிட்டார். அவர் வைத்த பரீட்சையை உங்கள் மனையிலேயே நீங்களும் வைக்கலாம். கண்ணைத் திறந்துகொண்டு ஓர் இடத்தைக் காட்டுங்கள், பிறகு கண்ணை மூடிக்கொண்டு அதே இடத்துக்குக் குச்சியைக் கொண்டு திரும்பி வாருங்கள். இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து ஒரே இடத்தையும் ஒரே ஆழத்தையும் சொல்லுங்கள். மறைத்து வைத்த குப்பியில் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று சொல்லுங்கள். ஒருவராலும் நம்பும்படி செய்ய முடியவில்லை.

1990-இல் ஜெர்மனியின் காசெல் நகரில் இன்னொரு சோதனை. அரை மீட்டர் ஆழத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய். அதில் தண்ணீர் ஓடுகிறதா, நிற்கிறதா என்று சொல்ல வேண்டும். கலந்துகொண்ட முப்பது பேரும் விதிகளை முன்பே ஒப்புக்கொண்டார்கள். தண்ணீர் ஓடுவது தெரிந்தபோது எல்லோருடைய குச்சியும் வேலை செய்தது. தெரியாதபோது, காசைச் சுண்டிப் பார்த்துச் சொன்னால் எவ்வளவு சரியாக வருமோ அவ்வளவுதான் வந்தது.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது, ஒரே ஆராய்ச்சியாளர் செய்த இரண்டு வேலைகள். அவர் மியூனிக் நகரத்து இயற்பியலாளர் ஹான்ஸ்-டீட்டர் பெட்ஸ். குச்சியில் விஷயம் இருக்கிறது என்று நம்புகிறவர்.

முதல் வேலை மியூனிக் அருகே ஒரு களஞ்சியத்தில் 1987, 88 ஆண்டுகளில் நடந்தது. கீழ்த்தளத்தில் தண்ணீர்க் குழாயை ஒரு வண்டியில் ஏற்றிப் பத்து மீட்டர் நீளக் கோட்டில் வெவ்வேறு இடங்களுக்கு நகர்த்தி வைப்பார்கள். மேல்தளத்தில் குச்சிக்காரர் நடந்து, குழாய் இப்போது இங்கே இருக்கிறது என்று காட்ட வேண்டும். சுமார் 500 பேரைப் பார்த்து, அவர்களில் தேறிய 43 பேரை எடுத்துக்கொண்டு, 843 முறை சோதித்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் வரவில்லை, ஒரு சிலருக்கு மட்டும் உண்மையான திறன் இருக்கிறது என்பது பெட்ஸ் குழுவின் முடிவு. அதே எண்களை அமெரிக்க ஆய்வாளர் ஜிம் என்ரைட் மறுபடி கணக்குப் போட்டு 1999-இல் எழுதினார். குச்சியும் வேண்டாம், ஆளும் வேண்டாம், ஒவ்வொரு முறையும் கோட்டின் நட்ட நடுவே கை காட்டியிருந்தால் எவ்வளவு தூரம் தவறுமோ, அதைவிட அந்த மிகச் சிறந்த ஆள் சராசரியாக நான்கு மில்லிமீட்டர்தான் நெருங்கியிருந்தார். பத்து மீட்டரில் நான்கு மில்லிமீட்டர்!

இரண்டாவது வேலை நமக்குப் பக்கத்து நாட்டில் நடந்தது. ஜெர்மன் அரசின் உதவித் திட்டத்தில் இலங்கையின் வறண்ட பகுதிகளில் குழாய்க்கிணறு போட்டார்கள். ஷ்ரோட்டர் என்ற அனுபவம் மிக்க பொறியாளர் குச்சியைப் பிடித்துக்கொண்டு நடந்து இடம் குறித்தார். 691 கிணறுகளில் 96 விழுக்காடு வெற்றி என்று பெட்ஸ் 1995-இல் எழுதினார். குச்சியை நம்புகிறவர்கள் இன்றைக்கும் எடுத்துக் காட்டுகிற எண் இதுதான்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். களஞ்சியத்தின் மேல்தளத்தில் மரம் இல்லை, மேடு பள்ளம் இல்லை, பாறை முகடு இல்லை, பக்கத்துக் கிணறு இல்லை. வெறும் பலகை. அங்கே குச்சிக்காரரின் கண் அடைபட்டுவிட்டது, குச்சி மட்டும்தான் மிச்சம். கிடைத்தது நான்கு மில்லிமீட்டர். இலங்கையில் கண் திறந்திருந்தது. பல வறண்ட நாடுகளில் நிலம் பார்த்துப் பழகிய ஆள், பரந்த வெளியில் தமக்குப் பிடித்த இடத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் சுதந்திரத்தோடு நடந்தார். குச்சியைப் பிடுங்கிக்கொண்டு அவரை மட்டும் நடக்கவிட்டிருந்தால் என்ன வந்திருக்கும் என்று யாரும் பார்க்கவில்லை. என்னைக் கேட்டால், அதே கிணறுகளில் பெரும்பகுதி வந்திருக்கும்.

குச்சியைவிடக் கண்ணுக்குத்தான் வேலை என்பது புதிய சங்கதியும் அல்ல. கவட்டைக் குச்சியைப் படம் போட்டு விவரித்த பழைய ஐரோப்பியப் புத்தகம், 1556-இல் வெளிவந்த அக்ரிகோலாவின் சுரங்க நூல். அந்தக் காலத்து ஜெர்மன் சுரங்கக்காரர்கள் உலோகத் தாது தேடக் குச்சி பிடித்தார்கள். எல்லாவற்றையும் பொறுமையாக எழுதிவிட்டு, இயற்கை காட்டும் அடையாளங்களைப் படிக்கத் தெரிந்த நல்ல சுரங்கக்காரனுக்கு இந்தக் குச்சி தேவையில்லை என்று முடிக்கிறார் அவர். நம் பக்கத்தில் அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, ஆறாம் நூற்றாண்டில், உஜ்ஜயினியின் வராகமிகிரர் 'பிருகத் சம்ஹிதை'யில் நிலத்தடி நீருக்காகவே ஓர் அத்தியாயம் எழுதினார். அதில் குச்சியே கிடையாது! நாவல் மரம், மருத மரம், அத்தி மரம், அவற்றுக்கு எந்தத் திசையில் கறையான் புற்று இருக்கிறது, அங்கிருந்து எத்தனை முழம் தள்ளித் தோண்ட வேண்டும், எத்தனை ஆள் ஆழத்தில் தண்ணீர், தோண்டும்போது வழியில் என்ன நிற மண், எங்கே தவளை வரும் என்று எழுதிக்கொண்டே போகிறார். எல்லாம் பலிக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் பார்த்தது மரத்தை, புற்றை, மண்ணை. கறையானுக்கு ஈரம் இல்லாமல் பிழைப்பில்லை, அதனால் புற்றைப் பார்த்ததில் ஒரு யோசனை இருக்கிறது. தோண்டும்போது பாறை குறுக்கிட்டால் நெருப்பு மூட்டிச் சுடவைத்துச் சுண்ணாம்பு நீர் தெளித்துப் பிளப்பதற்கும், கலங்கிய நீரைத் தேற்றாங்கொட்டை போட்டுத் தெளிய வைப்பதற்கும் அதே அத்தியாயத்தில் வழி சொல்கிறார். கிணறு வெட்டுகிற இடத்தில் நின்று பார்த்தவர்களிடம் கேட்டு எழுதிய எழுத்து அது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். "அதெல்லாம் சரி சார், எங்க வீட்டுல அவரு சொன்ன எடத்துல தண்ணி வந்துச்சே" என்பீர்கள். வந்திருக்கும். எங்கே வந்தது என்று முதலில் கேட்க வேண்டும்.

தஞ்சாவூர்ப் பக்கம், கடலோரத்து மணல் பகுதி, ஆற்றுப் படுகை, இங்கெல்லாம் மண்ணுக்கு அடியில் மணலும் களிமண்ணும் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. மணல் அடுக்கு எங்கும் பரவியிருக்கும். அங்கே எந்த மூலையில் குழாய் இறக்கினாலும் தண்ணீர் உண்டு. அங்கே கேட்க வேண்டிய கேள்வி எத்தனையாவது அடி, நல்ல தண்ணீரா உப்பா என்பவைதான். அப்படிப்பட்ட ஊரில் நீரோட்டம் பார்க்கிறவர் தோற்கவே முடியாது. நான் கண்ணை மூடிக்கொண்டு கல்லை எறிந்தாலும் ஜெயிப்பேன்.

நம் மாநிலத்தில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு நிலம் அப்படி அல்ல. கடினப் பாறை. நாம் இப்போது உட்கார்ந்திருப்பதும் அதன்மேல்தான். இங்கே நிலத்தடியில் ஆறு ஓடுவதாக ஒரு படம் நம் மனதில் பதிந்திருக்கிறது. "ரெண்டு ஓட்டம் கூடுது சார், இந்த எடத்துல" என்கிறார்கள். குகை குகையாக ஓடைகள் ஓடுவது யாழ்ப்பாணத்தைப் போன்ற சுண்ணாம்புக்கல் பூமியில் உண்டு. நம் பாறையில் அப்படி இல்லை. மேலே பல லட்சம் ஆண்டுகளாக வெயிலும் மழையும் தின்று மக்க வைத்த பாறை. சில இடத்தில் பதினைந்து அடி கனம், சில இடத்தில் நூறு அடி. அதன் இடுக்குகளில் தண்ணீர் ஊறிக் கிடக்கிறது. நம் தாத்தாக்கள் வெட்டிய கிணறெல்லாம் இந்தத் தண்ணீரை நம்பித்தான். அதற்குக் கீழே கெட்டிப் பாறை. அதில் தண்ணீர் நிற்க இடம் வெடிப்புகள் மட்டுமே. போர்க்காரர்கள் அதைத்தான் 'கேப்' என்கிறார்கள். மேலே மக்கிய அடுக்கில் தண்ணீர் இருந்தால் கீழே வெடிப்புக்கும் வரும். மேலே வறண்டால், கீழே இருப்பது எத்தனை நாளைக்கு?

வீட்டு போர் போடுகிற அன்று வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருப்பீர்கள். அடுத்த முறை நிற்கும்போது நான் சொல்வதைக் கவனியுங்கள். ஹேமர் இறங்கத் தொடங்கியதும் வாயிலிருந்து வருவது செம்மண் புழுதி. பிறகு மஞ்சள். பிறகு பழுப்பு கலந்த நொய். அதுவரைதான் மக்கிய பாறை. அங்கே நிறுத்திக் கேசிங் பைப்பை இறக்குவார்கள். அதன் கீழே சுத்தச் சாம்பல் நிறம், மாவு மாதிரி, தெரு முழுவதும் புகை. பக்கத்து வீட்டம்மா சன்னலைச் சாத்துவார். வீட்டுக்காரர் முகம் சுருங்கும். திடீரென்று ஓர் இடத்தில் ராடு 'கடக்' என்று அரை அடி சட்டென இறங்கும், ஆபரேட்டர் தலையைத் தூக்குவார். புகை அடங்கி, தூள் ஈரமாகிக் கட்டி கட்டியாக விழும். பிறகு தண்ணீர் பீச்சும். அந்த இடம்தான் கேப்.

இந்தக் காட்சியில் எத்தனை செய்தி இருக்கிறது பாருங்கள். எத்தனை அடி கேசிங் இறங்கியது என்றால், அதுதான் மக்கிய பாறையின் கனம். எந்த அடியில் ஈரம், எந்த அடியில் கேப் என்றால், அதுதான் வெடிப்பு இருக்கும் ஆழம். இதையெல்லாம் பத்தடிக்கு ஒரு குவியலாகத் தூளைப் பிரித்து வைத்து எழுதிக்கொண்டால், அந்தத் தெருவுக்கே அது ஜாதகம். நாம் என்ன செய்கிறோம்? மொத்த அடி எவ்வளவு, அடி ரேட் எவ்வளவு, கேசிங் எத்தனை அடி என்று பில்லுக்காகக் கூட்டிப் பார்க்கிறோம். பில்லைக் கொடுத்த கையோடு மறந்துவிடுகிறோம். தூளை வண்டிக்காரரே தள்ளிவிட்டுப் போகிறார். இந்தியா முழுக்க வண்டி அனுப்புகிற திருச்செங்கோடு நம் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆப்பிரிக்கா வரைக்கும் போய்த் துளை போட்டவர்கள் நம்மவர்கள். ஆனால் நம் சொந்தத் தெருவுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எழுதி வைத்த தாள் ஒன்று கிடையாது.

இன்னொரு வேடிக்கை. முப்பதுக்கு நாற்பது மனை என்று வைத்துக்கொள்வோம். கழிவுநீர்த் தொட்டிக்கும் போருக்கும் ஐம்பது அடியாவது இடைவெளி வேண்டும் என்பது பொது விதி. முப்பதுக்கு நாற்பதில் மூலைக்கு மூலை நூல் பிடித்தால்தான் ஐம்பது அடி வரும். வாஸ்துக்காரர் ஈசானிய மூலை என்கிறார். மேலே மின்கம்பி போகிறது, வண்டியின் மாஸ்ட் தூக்க முடியாது. வீட்டுக்குப் பில்லர் குழி எடுத்தாகிவிட்டது. கம்ப்ரசர் லாரி தெருவில்தான் நிற்க வேண்டும். இத்தனையும் கழித்தால் மிஞ்சுவது வாசல் ஓரமாக ஐந்தடி நீளத்துக்கு ஒரு துண்டு. நீரோட்டம் பார்க்கிறவர் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு மனை முழுக்கச் சுற்றிவிட்டு, கடைசியில் அந்தத் துண்டில் வந்து நிற்கிறார். அங்கே தேங்காய் எழுந்து நிற்கிறது. மனிதர் புத்திசாலி, இல்லையென்றால் இந்தத் தொழிலில் இருக்க முடியாது.

அந்த ஐந்தடிக்குள் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில் என்ன வித்தியாசம்? வெடிப்பு படுக்கையாக ஓடினால் மனையில் எங்கே போட்டாலும் ஒரே ஆழத்தில் கிடைக்கும். செங்குத்தாக இருந்தால் சில அடி தள்ளினாலும் தப்பிப்போகும். அதைக் குச்சி வைத்துப் பிடிக்க வழியில்லை.

"அப்ப மெஷின் வெச்சுப் பாக்கறது?" என்ற கேள்வி வரும். நான் அந்த மெஷின் தூக்கிப் பிழைத்தவன். நியாயத்தைச் சொல்கிறேன். மண்ணில் நான்கு முளை அடித்து, வெளி முளை இரண்டின் வழியே மின்சாரம் செலுத்தி, உள் முளைகளுக்கிடையே மின்னழுத்தத்தை அளக்கிறோம். பிரான்சின் கான்ராட் ஷ்லம்பர்ஜே 1912-இல் தொடங்கி வைத்த முறை. ஈரமான மக்கிய பாறை மின்சாரத்தை எளிதில் விடும், கெட்டிப் பாறை தடுக்கும். இதிலிருந்து அடுக்குகளின் கனத்தைக் கணக்கிடலாம். ஆனால் களிமண்ணும் மின்சாரத்தை விடும், உப்புத் தண்ணீரும் விடும், அதனால் குழப்பமும் வரும். அதைவிடப் பெரிய சிக்கல், ஆழமாகப் பார்க்க முளைகளைத் தூரம் தூரமாக அடிக்க வேண்டும். முந்நூறு அடி ஆழம் பார்க்க, வயரை அதைப்போலப் பல மடங்கு நீளத்துக்கு இழுக்க வேண்டும். தோட்டத்தில் இழுக்கலாம். மூன்று சென்ட் மனையில்? பக்கத்தில் மின்கம்பம், தண்ணீர்க் குழாய், காம்பவுண்டுச் சுவர். வயரைத் தெருக்கோடி வரை இழுத்தால் ஆட்டோக்காரர் ஏற்றிவிட்டுப் போவார். ஆக, விஞ்ஞானம் போய் உட்கார முடியாத இடத்தில் தேங்காய் போய் உட்கார்ந்திருக்கிறது. நகரத்து வீட்டு மனைகளில் நீரோட்டம் பார்ப்பது கொடிகட்டிப் பறப்பதற்கு மூடநம்பிக்கை மட்டும் காரணம் இல்லை.

இந்த இடைவெளியில் இப்போது புதிதாக இன்னொன்று நுழைந்திருக்கிறது. அதே எல் கம்பி, அடியில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி, அதில் ஒரு சிவப்பு விளக்கு. 'டிஜிட்டல்' என்கிறார்கள். கட்டணம் பல மடங்கு. வேப்பங்குச்சிக்காரர் எனக்கு ஆயிரம் மடங்கு மேல். கைப்பிடியில் ஆடும் கம்பி வைத்த இப்படி ஒரு பெட்டியைத்தான் ஒரு பிரிட்டிஷ் வியாபாரி வெடிகுண்டு கண்டுபிடிக்கும் கருவி என்று சொல்லி ஈராக்குக்கு விற்றார். பாக்தாத் சோதனைச் சாவடிகளில் அதை நம்பி வண்டிகளை உள்ளே விட்டார்கள். 2013-இல் அவருக்குப் பத்து ஆண்டு சிறை கிடைத்தது. பெட்டிக்குள் வேலை செய்கிற பாகம் எதுவும் இல்லை.

தண்ணீர் பார்ப்பதில் அந்த அளவு ஆபத்து இல்லைதான். இடம் குறிப்பதால் பெரிய கெடுதல் கிடையாது, ஏதோ ஓர் இடத்தில் போட்டுத்தானே ஆக வேண்டும். கெடுதல் ஆழம் சொல்வதில் இருக்கிறது. "எழுநூறு அடியில கண்டிப்பா இருக்கு, விடாதீங்க" என்று ஒரு வாக்கு. நானூறில் புகை. வண்டிக்காரர் வீட்டுக்காரரைப் பார்க்கிறார். வீட்டுக்காரர் மனைவியைப் பார்க்கிறார். ஆழம் கூடக்கூட அடி ரேட்டும் ஏறும். நகையை வைத்து இன்னும் முந்நூறு அடி. நம் பாறையில் ஆழம் போகப் போக வெடிப்புகள் அருகிக்கொண்டே போகும் என்பதுதான் பொது நிலைமை. கீழே தண்ணீரே கிடையாது என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் குச்சியின் வாக்கை நம்பி இறங்கும் ஒவ்வோர் அடியும் சூதாட்டம். அதிலும் பொய்த்த துளையை மூடாமல் மேலே ஒரு சாக்கைப் போட்டுவிட்டுப் போகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. 2019 அக்டோபரில் மணப்பாறை பக்கத்தில் கைவிட்ட குழாய்க் கிணற்றில் விழுந்த குழந்தைக்காக நாடே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. கைவிட்ட கிணறுகளை மூடுவதற்கு உச்ச நீதிமன்றம் 2010-இலேயே வழிமுறை வகுத்துக் கொடுத்திருந்தது.

போர் பொய்த்தால் யார் கணக்கில் எழுதுகிறோம்? "பாயின்ட்டிலிருந்து ஒரு அடி தள்ளிப் போட்டுட்டாங்க." "வண்டி சாஞ்சு நின்னுது, ராடு கோணலாப் போயிருச்சு." "அன்னிக்கு நேரம் சரியில்ல." ஒன்றுகூட நீரோட்டம் பார்த்தவர் கணக்கில் ஏறாது. வந்த தண்ணீர் மட்டும் ஏறும். வந்த தண்ணீரையும் போர் போட்ட அன்றைக்கு அளந்து, "ரெண்டு இஞ்ச் தண்ணி" என்று ஊருக்குச் சொல்லுகிறோம். அடுத்த மே மாதம் மோட்டார் எத்தனை நிமிடம் ஓடுகிறது என்பதை யாரும் அவரிடம் போய்ச் சொல்வதில்லை.

இப்படிச் சொன்னாலும், நான் ஒருமுறை செய்து பார்த்த காரியம் ஒன்று உண்டு. எங்கள் பக்கத்து நீரோட்டம் பார்க்கிற பெரியவர் ஒருவரிடம், "ஐயா, குச்சியை விடுங்க, இந்த ஊர்ல எந்தத் தெருவுல எத்தன அடியில தண்ணி?" என்று கேட்டேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். ஏரிக்கரைக்குக் கிழக்கே நாற்பது அடி கேசிங், இருநூறுக்குள் கேப். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மேலேயே பாறை, பத்தடி கேசிங்கூட இறங்காது, அங்கே போட்ட போர் முக்கால்வாசி புகை. மாரியம்மன் கோயில் மேட்டில் தண்ணீர் உண்டு, ஆனால் உப்பு. புது லேஅவுட்டில் பழைய கிணறு ஒன்றை மூடித்தான் மனை பிரித்தார்கள், அந்தக் கிணற்றுப் பக்கத்து மனைகளில் மட்டும் மேல் தண்ணீர். எந்த வருஷம் எது வற்றியது என்பதையும் சொன்னார். ஆயுளில் நான் பார்த்த அருமையான நிலத்தடி நீர் அறிக்கை அது. அவர் அதை எழுதவில்லை, எழுதச் சொல்லி யாரும் கேட்டதும் இல்லை. அவர் குறித்துக் கொடுத்த இடங்களில் போர் போடும்போதெல்லாம் அவர் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். வண்டிக்காரர்கள் வெளியூர் போய்விடுகிறார்கள். வீட்டுக்காரருக்குத் தெரிந்தது ஒரே ஒரு போர். என் போன்றவர்கள் அறிக்கையை ஆபீஸ் அலமாரியில் வைத்துவிட்டுப் பதவி உயர்வில் போய்விட்டோம். ஊரின் நிலத்தடியை நினைவில் வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான். அவரைக் கூப்பிட்டுத் தேங்காயை ஆட்டச் சொல்கிறோம்.

அதனால் போர் போடப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். அவரைக் கூப்பிடுங்கள், தட்சணையும் கொடுங்கள். ஆனால் மனைக்குப் போகும் முன் ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பேசுங்கள். சுற்றியுள்ள பத்து வீட்டுக் கதவைத் தட்டி, எத்தனை அடி, எத்தனை அடி கேசிங், எந்த வருஷம், போன கோடையில் எப்படி என்று கேளுங்கள். பதில்கள் ஒத்துப்போனால் துணிந்து போடலாம். பாதி வீட்டில் புகை என்றால், நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து, தண்ணீர் இருக்கிற மனையில் ஒரே போர் போட்டுப் பங்கிட்டுக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். கேட்கவே கஷ்டமாக இருக்கும், அண்ணன் தம்பிகளே இதில் முறைத்துக்கொண்டிருக்கிறார்கள், தெரியும். எவ்வளவு ஆழத்தோடு நிறுத்துவது என்பதை வண்டி வருவதற்கு முந்தின நாளே வீட்டில் பேசி முடிவு செய்துவிடுங்கள். ஹேமர் ஓடுகிற சத்தத்தில் எடுக்கிற முடிவு உருப்படாது. மழைநீர்ச் சேகரிப்பைச் சட்டம் 2003-இல் கட்டாயமாக்கியது. மொட்டைமாடித் தண்ணீரை வடிகட்டித் தரைக்குள் விடுகிற குழி உங்கள் வீட்டில் தூர்ந்து போயிருந்தால், அதைத் தூர்வாருங்கள்.

போர் போட ஊராட்சியில் அனுமதி வாங்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. அந்த அனுமதித் தாளோடு தூளின் நிறமும் கேப் ஆழமும் எழுதிய ஒரு தாளையும் வாங்கி வைத்தால் ஐந்து வருஷத்தில் நம் ஊரின் நிலத்தடிப் படமே கிடைத்துவிடும். அது நடக்கிறபோது நடக்கட்டும். இன்றைக்கு ஒரு காரியம் செய்திருக்கிறேன். நானூறு பக்க நோட்டு ஒன்றை வாங்கிக் கட்டம் போட்டு நூலகரிடம் கொடுத்திருக்கிறேன். தெரு, போட்ட வருஷம், மொத்த அடி, கேசிங் அடி, முதல் ஈரம், கேப், அன்றைய தண்ணீர், மே மாதத் தண்ணீர், இவ்வளவுதான். பெயர் எழுத வேண்டாம். யார் பாயின்ட் வைத்தார்கள் என்பதும் வேண்டாம். வாசல் பக்கத்து மேசையில் பேனாவோடு இருக்கிறது. போகும்போது உங்கள் வீட்டுப் போரை எழுதிவிட்டுப் போங்கள். போர் பொய்த்தவர்கள் முதலில் எழுதுங்கள், இதுவரை யாருமே எழுதாதது அந்தக் கணக்குதான். தண்ணீர் வந்தவர்கள் பின்னால் வரிசையில் நில்லுங்கள்.